பக்கத்து டிரே காலி

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆபீசுக்குப் போனாலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "பிரிண்டர்காரர் வந்துட்டாரு" என்பார்கள். பெரிய பிரிண்டர்களை வாடகைக்கு விடும் ஒரு கடையில் எனக்கு வேலை. பேப்பர் சிக்கினால் நான் போக வேண்டும், மை தீர்ந்தால் நான் போக வேண்டும். ஸ்டேப்ளர் பின்னை எடுக்காமல் தாளை உள்ளே விட்டுவிட்டு "அதுவா நின்னுடுச்சு சார்" என்று அப்பாவியாக நிற்பவர்களுக்கும் நான்தான் போக வேண்டும். அதுவாக எதுவும் நிற்காது. இதை எத்தனையோ பேரிடம் எரிந்து விழுந்து சொல்லியிருக்கிறேன். அக்கா செத்ததை எழுத உட்காரும்போதும் அதுதான் முதலில் வாயில் வருகிறது.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, கடைசியில் ரத்தத்தை மிஷின் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளைக் கட்டிய மாமாவுக்குச் சென்னையில் சென்ட்ரிங் வேலை. அதனால் அவள் மரக்காணம் ரோட்டில் அம்மாவும் நானும் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறித் திண்டிவனத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். அது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கிளை. தலைமை ஆஸ்பத்திரியும் லேபும் விழுப்புரத்தில். காலையில் திண்டிவனத்தில் எடுக்கும் ரத்தம் வேனில் விழுப்புரம் போகும். அங்கே சோதித்து, முடிவை அங்கிருந்தே நெட்வொர்க் வழியாகத் திண்டிவனத்து பிரிண்டருக்கு அனுப்புவார்கள். அந்த பிரிண்டர் எங்கள் கடை போட்டது, நான் பார்த்துக்கொள்வது.

டயாலிசிஸ்காரர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் ஆபத்து. மற்ற வியாதிபோல அது சொல்லிவிட்டு வராது, இதயத்தை அப்படியே நிறுத்திவிடும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை கூடாது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் வீட்டுக்கு வீடு அவித்துக் கொட்டி வைத்திருப்பார்கள். "நாலு மல்லாட்டை தின்னா செத்தா போயிடுவேன்?" என்று அக்கா கேட்பாள். "போயிடுவ" என்று நான் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே தோலை மட்டும் எடுத்து மோந்து பார்த்துவிட்டுப் போட்டுவிடுவாள்.

ஒரு தடவை நிஜமாகவே ஏறிவிட்டது. முடிவு மத்தியானத்துக்கு முன்பே அச்சாகிவிட்டது. ஆனால் யாரும் பார்க்கவில்லை. மருந்துக்கடை பில், ஸ்கேன் சீட்டு, டிஸ்சார்ஜ் காகிதம் என்று எல்லாம் ஒரே டிரேயில் வந்து விழும், அந்தக் குவியலுக்குள் அக்காவின் தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிச் சாய்ந்த பிறகுதான் தேடினார்கள். அன்றைக்கு டாக்டர் கிட்டேயே இருந்ததால் பிழைத்தாள். நான் போய்க் கவுண்டரில் இருந்த பெண்ணைக் கண்டபடி திட்டினேன். அவள் அழவில்லை, திருப்பிக் கேட்டாள்.

"என்னை ஏன்ணா திட்றீங்க? ஊர்ல இருக்கற பேப்பர் பூரா ஒரே எடத்துல வந்து வுழுது. போன் எடுக்கறதா, டோக்கன் குடுக்கறதா, இதைப் பிரிச்சிக்கினு உக்காந்திருக்கறதா? நான் ஒருத்தி தானே?"

அவள் சொன்னது நியாயம்.

அந்த மிஷினுக்குப் பக்கவாட்டில் இன்னொரு டிரே உண்டு. வாங்கி வைத்த நாளிலிருந்து மடக்கியே கிடந்தது, யாருக்கும் அது இருப்பதே தெரியாது. அதை விரித்தேன். விழுப்புரம் லேபுக்குப் போய் அவர்களுடைய கம்ப்யூட்டரில் 'அவசரம்' என்ற பெயரில் தனியாக ஒரு பிரிண்டர் இருப்பது போலச் செட்டிங் செய்தேன். மிஷின் ஒன்றுதான், மையும் ஒன்றுதான். ஆனால் லேபில் 'அவசரம்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் திண்டிவனத்தில் தாள் பக்கத்து டிரேயில்தான் வெளியே வரும். வேறு எதுவும் அங்கே வராது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, இதற்குக் கூலியும் கிடையாது. என் அக்காவின் தாள் இன்னொரு தடவை பில்லுக்கு அடியில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

செட்டிங் முடித்த வாரத்தில் அக்காவையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டிரேக்கு மேலே கறுப்பாக ஒரு சின்ன பிளாஸ்டிக் லீவர் தொங்கும்.

"இது என்னாடா, நாக்கு மாதிரி?"

"டிரேல பேப்பர் எவ்ளோ இருக்குதுன்னு அதுதான் தொட்டுப் பாக்கும். பேப்பர் சேரச் சேர மேல தூக்கிக்கும். முழுசாத் தூக்கிக்கினா, டிரே ரொம்பிடுச்சுன்னு மிஷினுக்குத் தெரியும்."

"அப்போ எனக்குக் காவல் இதான்னு சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு அது 'என் டிரே'. கவுண்டருக்குப் போனதும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பாளாம். "என் டிரே காலி, நான் நல்லா கீறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாளாம்.

அவள் மட்டுமில்லை, கொஞ்ச நாளில் அந்தக் கிளையே அப்படித்தான் பேச ஆரம்பித்தது. பக்கத்து டிரேயில் தாள் வந்தால் ஓடு, காலியாக இருந்தால் நிம்மதி. முன்பெல்லாம் ஆபத்தான முடிவு வந்தால் லேபிலிருந்து போனும் செய்வார்கள். திண்டிவனத்தில் எடுக்கவே மாட்டார்கள் என்று லேப்காரர்களுக்குச் சலிப்பு. டிரே வந்த பிறகு போன் செய்வது தானாகக் குறைந்து நின்றே போனது. நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

நடுவில் ஒரு நாள் மிஷின் நின்றுவிட்டது. பக்கத்து டிரேயில் எடுக்காமல் விட்ட தாள்களோடு யாரோ சாப்பாட்டுப் பையையும் வைத்துவிட்டார்கள். லீவர் தூக்கிக்கொண்டது, டிரே நிறைந்துவிட்டது என்று நினைத்து மிஷின் காத்திருந்தது. பின்னால் பில்லுக்கு நின்றவர்கள் கத்தினார்கள். விழுப்புரத்திலிருந்து மேனேஜர் எனக்குப் போன் போட்டார்.

"மிஷின் நிக்கவே கூடாதுப்பா. ஒரு டிரே ரொம்புனா அடுத்த டிரேக்குத் தானா மாத்திக்கற செட்டிங் இருக்குதாமே, அதைப் போட்டுடு."

"போட்டா அவசரம் பில்லோட போய் வுழும் சார்."

"ரொம்புனா தானே? ரொம்பாம பாத்துக்கச் சொல்லு. ஜல்தியா முடி, இங்க பெரிய பேஜாரா கீது."

மிஷின் அவர்கள் வாடகைக்கு எடுத்தது, சொன்னதைப் போட்டுக் கொடுத்தேன். கவுண்டர் பெண்ணிடம், அந்த டிரேயில் தாளைத் தவிர எதையும் வைக்காதே என்று சொன்னேன். அவள் வைக்கவும் இல்லை. அந்த டிரே எப்போதும் துடைத்து வைத்தது போலத்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து ஆபீசுகளில் பூஜையை லீவுக்கு முந்தின வேலை நாளிலேயே செய்துவிடுவார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எனக்கு அன்றைக்குத்தான் தலை போகிற வேலை. பொரியும் கடலையும் மிஷினுக்குள் போய்விடும், ஸ்கேன் கண்ணாடியில் குங்குமம் தேய்ந்திருக்கும், மறுபடி திறக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஆயுத பூஜை என்றாலே எனக்கு எரிச்சல். அன்று நான் விழுப்புரத்திலேயே இருந்தேன். அக்காவுக்கு டயாலிசிஸ் முறை அன்றுதான். ராத்திரி நான் வீட்டுக்குப் போனபோது, முடித்துக்கொண்டு வந்திருந்தவள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு சந்தோஷமாக இருந்தாள்.

"உன் மிஷினுக்கு நாந்தாண்டா பொட்டு வச்சேன். நர்சம்மாவே தட்டைக் குடுத்து, நீ வைம்மான்னாங்க" என்றாள்.

"கண்ணாடில கின்னாடில தடவி வச்சியா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அதுல வைக்கல" என்றாள். நான் நம்பினேன். அவள் கண்ணாடியில் வைக்கவில்லைதான்.

பூஜை, விஜயதசமி, அதையொட்டி ஞாயிறு என்று லீவு சேர்ந்து வந்தது. அவளுடைய அடுத்த முறை தள்ளிப் போனது. லீவு முடிந்து திறந்த அன்று எல்லா நோயாளிகளும் ஒன்றாக வந்து நின்றார்கள். இருக்கும் டயாலிசிஸ் மிஷின்களோ கொஞ்சம். அதனால் எல்லோருக்கும் காலையிலேயே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். யாருடைய முடிவு அவசரம் என்று வருகிறதோ அவர்களுக்கு உடனே, மற்றவர்களுக்கு வந்த வரிசைப்படி, இடம் கிடைக்காதவர்கள் மறுநாள் காலையில் என்று முடிவு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா கடைசியாக வந்தவர்களில் ஒருத்தி. கால் மரத்துப் போகிறது, கை தூக்க முடியவில்லை என்று சொன்னாளாம். அதைக் கேட்டுக் கவுண்டர் பெண் இரண்டு மூன்று தடவை எழுந்து போய்ப் பக்கத்து டிரேயைப் பார்த்திருக்கிறாள். காலி. மத்தியானம் லேபிலிருந்து எல்லா முடிவும் அனுப்பியாகிவிட்டது என்று கம்ப்யூட்டரில் வந்த பிறகும் போய்ப் பார்த்திருக்கிறாள். அப்போதும் காலி.

"இன்னைக்கு யாருக்குமே அவசரம்னு வரலம்மா, சாமி புண்ணியம். ரெண்டு மூணு நாளு மிஷின் போடலல்ல, அதான் அசதியா இருக்கும். நாளைக்கு மொத ஆளா உங்களப் போட்டுடறேன். வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அக்கா வழக்கம்போல டிரேயைத் தானும் எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயிருக்கிறாள்.

சாயங்காலம் பில்களைக் கட்டுக் கட்டும்போது நடுவிலிருந்து அக்காவின் தாள் வந்தது. தலையில் பெரிதாக 'அவசரம்' என்று அச்சாகியிருந்தது. இன்னொருவருடைய தாளும் வந்தது. அவர் காலையில் சீக்கிரம் வந்து வரிசைப்படியே மிஷினில் படுத்துவிட்டதால் தப்பித்தார்.

நான் அப்போது முகையூரில் ஒரு ஆபீசில் ரோலர் மாற்றிக்கொண்டிருந்தேன். கை பூராவும் மை. கவுண்டர் பெண் போனில் அழுதுகொண்டே பேசினாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்காவ உடனே கூட்டிக்கினு வாங்கண்ணா" என்பது மட்டும் புரிந்தது. வீட்டுக்குப் போட்டேன். அம்மா எடுத்தாள், அக்கா மயங்கி விழுந்துவிட்டாள் என்று அழுதாள். அதற்குள்ளேயே பக்கத்து வீட்டார் அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். முகையூரிலிருந்து விழுப்புரம் வந்து, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போது மறுபடி போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் போய்விட்டாள் என்றார்கள். பாலத்தின் மேல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அங்கேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் இருந்த மை சுவரில் ஒட்டிக்கொண்டது.

சாவுக்கு வந்தவர்கள் வழக்கம்போல அக்காவையே குற்றம் சொன்னார்கள். பூஜைக்கு வாழைப்பழம் தின்றிருப்பாள், மல்லாட்டை தின்றிருப்பாள், வாயைக் கட்டத் தெரியாதவள் என்று பேசினார்கள். எனக்கு ஒவ்வொருத்தரையும் இழுத்து அறைய வேண்டும் போல இருந்தது. அவள் தோலை மோந்து பார்த்துவிட்டுப் போடுகிறவள். அம்மாவுக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. மாமா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். தாள் மாறி விழுந்துவிட்டது என்ற சேதி மட்டும் எப்படியோ அம்மாவுக்கு எட்டிவிட்டது. தரையில் கையால் அறைந்து சபித்தாள்.

"எவ கையால இது நடந்துச்சோ, அந்தக் கை அழுவிப் போவணும். சோத்தை அள்ளித் திங்க முடியாம போவணும்."

ஊரில் எல்லோரும் அந்தக் கவுண்டர் பெண்ணைத்தான் நினைத்தார்கள். நானும்தான்.

பால் ஊற்றிவிட்டு வந்த மறுநாள் மேனேஜர் போன் செய்தார். முதலில் வருத்தம் சொன்னார். பிறகு, "மனசு சரியில்லன்னு தெரியுது. ஆனா நீதான் பாக்கணும். மிஷின் நல்லாத்தான் கீதுன்னு சொல்லிடு, அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடறோம்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டும் போல இருந்தது. போனேன்.

கவுண்டர் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. நான் அவளைத் தாண்டி நேராக மிஷினுக்குப் போனேன். பக்கத்து டிரே காலியாக இருந்தது. சின்னத் திரையில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்து டிரே நிறைந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி. எதிரே டிரே துடைத்து வைத்தது போல இருக்கிறது, மிஷின் நிறைந்துவிட்டது என்கிறது. அந்த ஆரஞ்சு விளக்கு மை குறைந்தாலும் எரியும், தாள் குறைந்தாலும் எரியும். அதை எந்த ஆபீசிலும் யாரும் படிப்பதில்லை.

டார்ச் அடித்து மேலே பார்த்தேன். கறுப்பு லீவர் தொங்கவில்லை. மேலே தூக்கியபடியே நின்றது. அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். வெளியே இருப்பது கொஞ்சம்தான். மீதி வழிந்து லீவர் திரும்புகிற இடுக்குக்குள் இறங்கிக் காய்ந்து, சிமெண்ட் பூசியது போல இறுகிவிட்டது. விரலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. லீவு முழுக்கக் காய்வதற்கு அதற்கு நேரம் இருந்திருக்கிறது. திறந்த அன்றைக்கு முதல் தாளிலிருந்தே மிஷின் இந்த டிரேயை விட்டுவிட்டு அடுத்ததற்கு மாறியிருக்கிறது.

மற்ற இடங்களையும் பார்த்தேன். மிஷினின் நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. எல்லோரும் வைக்கிற இடம். லீவரில் யாரும் வைக்க மாட்டார்கள். அங்கே லீவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

கவுண்டர் பெண் பின்னால் வந்து நின்றிருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அக்காதான்ணா வச்சாங்க. எல்லாரும் மேல வச்சா போதும்னோம். கேக்கல. 'என் தம்பி சொல்லிக்கீறான், என்னைக் காப்பாத்தறது இந்த நாக்குதான், இதுக்குத்தான் மொதல்ல'ன்னு சொல்லி, குனிஞ்சி, அதை ஒரு வெரலால தூக்கிப் புடிச்சிக்கினு வச்சாங்க. காயற வரைக்கும் புடிச்சிக்கினு இருந்தாங்க, கீழ எறங்கினா அழிஞ்சிடும்னு. கொழந்தைக்கு மோவாயத் தூக்கிப் பொட்டு வைக்கற மாதிரி இருக்குதேன்னு நாங்க சிரிச்சோம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினேன். இடுக்கில் எட்டாத இடத்தை நகத்தால் சுரண்டினேன். சந்தன வாசனை இன்னும் போகவில்லை. லீவர் விடுபட்டுக் கீழே இறங்கியதும் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. விழுப்புரத்துக்குப் போன் செய்து 'அவசரம்' என்பதில் ஒரு வெற்றுத் தாள் அனுப்பச் சொன்னேன். அது சரியாக வந்து பக்கத்து டிரேயில் விழுந்தது.

மேனேஜரிடம் சென்சார் பழுது என்று சொன்னேன், கவுண்டரில் தப்பு இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் கடைமேல்தான் தப்பு என்று அவர் ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். டிரே மாற்றிக்கொள்கிற செட்டிங்கை எடுத்துவிட்டேன் என்றும் இனிமேல் நிறைந்தால் மிஷின் நிற்கும் என்றும் சொன்னேன். அந்தப் பெண் இன்றைக்கும் அந்தக் கவுண்டரில்தான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் சுற்றி இருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"பாத்தியா? எவ கைன்னு தெரிஞ்சிதா? சொல்லு, அந்தக் கை அழுவிப் போவட்டும்."

அந்தக் கையை எனக்குத் தெரியும். ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறாகப் புடைத்திருந்த கை. அதைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி அனுப்பியவளே அம்மாதான்.

"யார் கையும் இல்லம்மா. மிஷின் பழுது."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த மிஷினு? நீ பாத்துக்கற மிஷின்தானே?"

"ஆமாம்மா" என்றேன். "நான் பாத்துக்கற மிஷின்தான்."

அம்மா என் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் சந்தனம் இருந்தது, அது என்னவென்று அவள் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றோடு அவள் யாரையும் சபிப்பதில்லை. என்னிடம் பேசுவதும் சோறு போடட்டுமா என்று கேட்பதோடு சரி.